'கர்த்தர் காக்கிறார்' என்றால் என்ன? முதுமையை வைத்து ஓர் எளிய விளக்கம்

டிசம்பர் 31 இரவு சென்னையில் எந்தத் திருச்சபைக்குள் நுழைந்தாலும் ஒரு வாக்கியம் காதில் விழும்: "இம்மட்டும் கர்த்தர் காத்தார்." பெரம்பூரிலும் தாம்பரத்திலும் சில வீடுகளின் வாசலில் 'எபெனேசர்' என்று பெயர்ப்பலகை இருக்கும். அதற்கும் இதே பொருள்தான். சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி அதற்கு வைத்த பெயர் அது. ஆட்டோவின் பின்கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரி வராந்தா என்று எங்கும் இந்த வாக்கியம் புழங்குகிறது. புழங்கின அளவுக்கு யாரும் அதை நிறுத்தி நிதானமாகப் பார்ப்பதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக் கடைசி ஆராதனைகளில் பலர் எழுந்து சாட்சி, அதாவது கடவுள் தங்களுக்குச் செய்ததை, சபை முன் சொன்னார்கள். "தெருமுனை வரைக்கும் தண்ணீர் வந்தது, எங்கள் வீட்டுப் படியில் நின்றுவிட்டது, கர்த்தர் காத்தார்." சொன்னவருடைய நன்றியில் பொய் இல்லை. ஆனால் கோட்டூர்புரத்திலோ முடிச்சூரிலோ கட்டிலும் பீரோவும் நிலப்பத்திரமும் தண்ணீரில் போன ஒரு பெரியவர் அதே ஆலயத்தில் பின்பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டிருப்பார். அவரைக் கர்த்தர் காக்கவில்லையா? அவருக்கு விசுவாசம் போதவில்லையா?

வெள்ளமாவது வடியும். முதுமை வடியாது. மூட்டு தேயும், காது மந்தமாகும், கூட வாழ்ந்தவர் முன்னால் போவார். 'ஒன்றும் ஆகவில்லை, அதனால் காத்தார்' என்று மட்டுமே சாட்சி சொல்லப் பழகியவருக்கு எழுபது வயதுக்கு மேல் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இந்தப் போதனையை இளமையை வைத்து விளக்குவதைவிட முதுமையை வைத்து விளக்குவது எளிது.

வாட்ச்மேனும் மகளும்

ஒரு அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார். அவருடைய வேலையை அளக்க ஒரே அளவுகோல்தான்: திருடன் உள்ளே வந்தானா இல்லையா. வந்துவிட்டால் அவர் வேலையில் தவறினார், மாத முடிவில் ஆளை மாற்றிவிடுவார்கள்.

அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு மகள் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி. போன வருடம் நடந்த அம்மா இந்த வருடம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். 'அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அப்படியானால் மகள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை' என்று யாராவது சொல்வார்களா? காலையில் இன்சுலின் போட்டாளா, ராத்திரி கூப்பிட்டால் எழுந்து வருகிறாளா, விழுந்தால் தூக்க ஆள் உண்டா, எரிச்சலில் அம்மாவைத் தனியே விட்டுவிட்டாளா என்றுதான் பார்ப்பார்கள்.

நம்மில் பெரும்பாலோர் கடவுளை வாட்ச்மேனாக வைத்து யோசிக்கிறோம். வேதாகமம் பேசுவது பெரும்பாலும் அந்த மகளுடைய வேலையைப் பற்றி.

இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் இடிக்கும், அதை மறைக்க வேண்டாம். மகளால் முடிந்தது கொஞ்சம். கடவுளோ சர்வவல்லவர் என்று கிறிஸ்தவர்களே சொல்கிறார்கள். தடுக்க முடிந்தவர் ஏன் தடுக்கவில்லை? இந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வாக்குத்தத்தம், அதாவது காப்பேன் என்று வேதாகமத்தில் கடவுள் கொடுத்த வாக்கு, என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வாக்குத்தத்தத்தில் என்ன இருக்கிறது

காத்தலைப் பற்றிய பேச்சில் முதலில் வருவது, வேதாகமத்தின் பாடல் தொகுப்பான சங்கீதங்களில் 121-ஆம் சங்கீதம். "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்." எருசலேமுக்கு மலைப்பாதையில் பண்டிகைக்குப் போன யாத்திரிகர்களின் பாடல்களில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். வழியில் வெயில் உண்டு, கல் உண்டு, கள்வர் உண்டு. பாட்டு இவற்றையெல்லாம் மனதில் வைத்துத்தான் பாடப்படுகிறது. கடைசி வரி போக்கையும் வரத்தையும் "இதுமுதற்கொண்டு என்றைக்கும்" காப்பதைச் சொல்கிறது. என்றைக்கும் என்று சொன்னால் அது இந்த உடம்பின் ஆயுளையும் தாண்டிப் போகிறது.

91-ஆம் சங்கீதம் இன்னும் பிரபலம். "உன் பாதம் கல்லில் இடறாதபடிக்கு" தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்ற வரி அதில்தான். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்களில் அவரிடம் இந்த வசனத்தை எடுத்துச் சொல்வது யார் தெரியுமா? சாத்தான். தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, குதித்துப் பார், வசனம் இருக்கிறதே என்கிறான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது இயேசுவின் பதில். வாக்குத்தத்தத்தை இன்சூரன்ஸ் பாலிசியாகப் படிக்கும் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. அதை இயேசுவே மறுத்திருக்கிறார்.

இன்னும் கூர்மையான இடம் லூக்கா சுவிசேஷம் 21-ஆம் அதிகாரம். "உங்களில் சிலரைக் கொலைசெய்யவும்பண்ணுவார்கள்" என்று இயேசு தம் சீஷர்களிடம் சொல்கிறார். இரண்டே வசனம் தள்ளி, "உங்கள் தலைமயிரில் ஒன்றாகிலும் அழியாது" என்கிறார். கொலையும் நடக்கும், மயிரும் அழியாது. வாட்ச்மேன் கணக்கில் இந்த இரண்டும் ஒன்றாக நிற்காது. சாவும் ஒரு மனிதரைக் கடவுளின் கையிலிருந்து பிடுங்க முடியாது என்று எடுத்துக்கொண்டால் நிற்கும்.

அப்போஸ்தலர் பவுல் தம் இளைய உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசி அதிகாரமும் இப்படித்தான். தேகத்தைவிட்டுப் பிரியும் காலம் வந்துவிட்டது என்கிறார். குளிருக்கு மேலங்கியைக் கொண்டுவா என்று கேட்கிறார். தம்மோடு பயணித்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிக்காரனாக விட்டுவிட்டு வந்தேன் என்று போகிறபோக்கில் சொல்கிறார். இவ்வளவையும் எழுதுகிற அதே கையால், கர்த்தர் எல்லாத் தீமையினின்றும் இரட்சித்துத் தம்முடைய பரம ராஜ்யம் வரை என்னைக் காப்பாற்றுவார் என்றும் எழுதுகிறார். சாகப்போகிறோம் என்று தெரிந்த ஒரு கிழவர் 'காப்பாற்றுவார்' என்று எழுதினால், அவர் மனதில் இருந்தது தப்பித்துக்கொள்வது இல்லை என்பது தெளிவு.

நம் ஊருக்கே இதில் பங்குண்டு. இயேசுவின் சீடர் தோமா பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது நெடுங்கால மரபு. அந்த மலைப்படிகளில் முட்டி வலியோடு ஏறிப்போய், 'ஒன்றும் ஆகாமல் காத்தருளும்' என்று வேண்டிக்கொள்கிறவர்கள், ஈட்டியில் முடிந்த ஒருவருடைய நினைவிடத்தில்தான் வேண்டிக்கொள்கிறார்கள்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: காத்தல் என்பது துன்பமே வராது என்ற உத்தரவாதம் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. துன்பத்திலும் சாவிலும் கைவிடமாட்டார் என்பதே அதன் மையம். சில நேரம் துன்பத்தையே விலக்குவதும் உண்டு. அதைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம்.

அது எப்படி நடக்கிறது: எழும்பூர் கண்ணாஸ்பத்திரி

இனி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கடவுள் உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிவிடாமல், அதைத் தாங்கி, நடத்தி, தாம் குறித்த முடிவுக்குக் கொண்டுபோகிறார் என்ற போதனைக்கு 'தேவ பராமரிப்பு' என்று பெயர். 1563-இல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஹைடல்பெர்க் வினாவிடை இதை விளக்கும்போது இலையும் புல்லும், மழையும் வறட்சியும், சுகமும் வியாதியும் தற்செயலாக வருவதில்லை, தகப்பனின் கையிலிருந்து வருகின்றன என்கிறது. 2015-இல் வெள்ளத்தையும் 2019 கோடையில் காலிக் குடங்களையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு அந்த வரி லேசாகத் தொண்டையில் சிக்கும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கடவுளே நேரடியாகச் செய்கிறாரா? இல்லை. இங்கேதான் இரண்டாவது சொல் வேண்டும். கடவுள் தம் நோக்கத்தை நிறைவேற்றப் பயன்படுத்தும் இயற்கை விதிகள், மருந்து, மனிதர்கள் ஆகியவற்றைத் துணைக்காரணங்கள் என்பார்கள். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு அழகான காரணம் சொன்னார்: கடவுளுக்குப் பலம் குறைந்து அவர் துணை தேடவில்லை. படைப்புகளும் ஒன்றுக்குக் காரணமாக இருக்கும் கௌரவத்தைப் பெறட்டும் என்று தம் நன்மையால் கொடுத்தார்.

பேச்சு உயரத்தில் போகிறது, கீழே இறங்குவோம். கண்புரை முதுமையின் பொது வியாதி. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆகப் பால்போல் மங்கிவிடும். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். 1819-இல் தொடங்கி இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனையில் கட்டுப் போட்ட கண்ணோடு ஒரு பாட்டி வெளியே வருகிறார். "கர்த்தர் பார்வை கொடுத்தார்" என்கிறார். கூட வந்த பேரன் மனதுக்குள், 'டாக்டர் கொடுத்தார், பாட்டி' என்கிறான். இருவரும் சண்டை போடத் தேவையில்லை. லென்ஸ் எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் புரியும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர்விமானிகள் சிலருடைய கண்களில் விமானத்தின் பிளாஸ்டிக் மேல்மூடி உடைந்து சில்லுகள் தைத்தன. அந்தச் சில்லுகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை ஹரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பரில் லண்டனில் ஒருவருக்குப் பொருத்தினார். இன்று கோடிக்கணக்கான முதியவர்கள் பேப்பர் படிப்பது அந்தக் கவனிப்பின் பலன். போர் நல்லது என்று எந்தக் கிறிஸ்தவரும் இதை வைத்துச் சொல்லமாட்டார். யோசேப்பு தன்னை விற்ற அண்ணன்மாரிடம், நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்றான். தீமை தீமையாகவே இருக்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பாட்டியின் பார்வைக்குப் பின்னால் விமானி, ரிட்லி, அறுவை செய்த டாக்டர், சொட்டுமருந்து விட்ட மருமகள் எல்லாரும் உண்டு. இந்த முழு வரிசையையும் சேர்த்துத்தான் பாட்டி 'கர்த்தர்' என்கிறார்.

ஆகவே மாத்திரை போட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இந்தப் போதனையைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். பவுலே தீமோத்தேயுவுக்கு, அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகத் தண்ணீரோடு கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று கைமருந்து சொல்லியிருக்கிறார். இந்தியாவில் முதியோருக்கான தனி மருத்துவப் பிரிவு முதன்முதலில் 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் செய்யச் சொல்லும் பிரசங்கியாரிடம், பவுல் கூட இருந்தும் வியாதியோடு கிடந்த துரோப்பீமுவின் பெயரை மரியாதையாக நினைவுபடுத்தலாம்.

'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று கழன்றுகொள்வது

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அது இன்னும் மோசம். அம்மா தனியாகக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறார், பிள்ளைகள் மூன்று ஊரில். போனில், "கவலைப்படாதீங்கம்மா, கர்த்தர் பார்த்துப்பார்" என்கிறார்கள். கேட்கப் பக்தியாக இருக்கிறது. துணைக்காரணம் என்றால் என்னவென்று தெரிந்தவருக்கு இது எங்கே பிசகுகிறது என்று உடனே தெரியும். கர்த்தர் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் கை இவர்களுடையது.

இயேசு இதையே கடுமையாகப் பேசியிருக்கிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று அறிவித்துவிட்டுக் கைகழுவிய பழக்கத்தை மாற்கு 7-இல் போட்டுத் தாக்குகிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் எழுதினார். 2007-இல் இந்தியா பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, பெற்றோரைக் கவனிப்பதைப் பிள்ளைகளின் சட்டப்பூர்வக் கடமையாக்கியது. அந்தச் சட்டத்தின்படி மூத்த குடிமக்கள் என்றால் 60 வயதானவர்கள். திருச்சபை ஆதரிக்கும் விதவைகளின் பட்டியலுக்குப் பவுல் வைத்த வயதும் 60 என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தையும் பாருங்கள். தொடக்கத் திருச்சபையில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு பொறுப்பில் நியமிக்கிறார்கள். என்ன பொறுப்பு? விதவைகளில் ஒரு பகுதியினருக்குத் தினசரிச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்ற புகாரைத் தீர்ப்பது. காத்தல் அங்கே பந்தி பரிமாறும் வேலையாக வந்து நிற்கிறது.

நரைவயதுமட்டும்

முதுமையைப் பற்றி வேதாகமம் இனிப்புத் தடவிப் பேசுவதில்லை. பிரசங்கி 12 முதியவரின் உடலை ஒரு பழைய வீடாக வரைகிறது: வீட்டுக் காவலாளிகள் தள்ளாடுகிறார்கள், ஏந்திரம் அரைக்கிறவர்கள் குறைந்துபோகிறார்கள், பலகணிவழியாய்ப் பார்க்கிறவர்கள் இருண்டுபோகிறார்கள். கைநடுக்கம், பல் விழுதல், கண் மங்கல் என்று வழக்கமாக உரை சொல்வார்கள். சங்கீதக்காரனோ, "முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்" என்று கெஞ்சுகிறான். பெலனைத் திருப்பிக் கொடும் என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா?

இந்தக் கெஞ்சலுக்குப் பதில் மாதிரி ஏசாயா 46-இல் ஒரு வசனம். "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்... நான் ஏந்துவேன், நான் சுமப்பேன், தப்புவிப்பேன்." அதற்கு முன்னால் ஒரு காட்சி வருகிறது. பாபிலோனின் தெய்வச் சிலைகளை மாடுகள் மேல் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மாடுகள் களைத்துப்போகின்றன. மனிதர் சுமக்க வேண்டிய தெய்வத்தையும் மனிதரைச் சுமக்கிற தெய்வத்தையும் தீர்க்கதரிசி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். வாழ்நாள் முழுவதும் குடும்பத்தைச் சுமந்தவருக்கு மிகவும் கசப்பது, இப்போது மற்றவர்கள் தன்னைச் சுமக்கிறார்கள் என்பது. 'யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது' என்று சொல்லாத பெரியவரை நான் பார்த்ததில்லை. இந்த வசனத்தின்படி நாம் எல்லாரும் முதலிலிருந்தே சுமக்கப்படுகிறவர்கள்தான். வயதானபின் அது வெளியே தெரிய ஆரம்பிக்கிறது, அவ்வளவே.

சரி, நினைவே போய்விட்டால்? டிமென்ஷியா வந்த ஒருவர் ஜெபிக்க மறந்துவிடுகிறார், கடைசியில் கடவுளையே மறந்துவிடுகிறார். அவருடைய விசுவாசம் என்ன ஆகும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எங்கள் பகுதியில் ஒரு அம்மாவுக்கு மகளை அடையாளம் தெரியாது, மத்தியானம் சாப்பிட்டது நினைவில் நிற்காது. மாலையில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினால், ஆமென் வரைக்கும் தடங்கலில்லாமல் சொல்லிவிடுவார். சொல்லும்போது வலதுகை தானாகச் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடும். சின்ன வயதில் திரும்பத் திரும்பச் சொல்லிப் படிந்த ஜெபமும் பாட்டும் பலருக்கு இப்படிக் கடைசிவரை தங்குவதுண்டு. அதற்கு மூளை சார்ந்த காரணம் இருக்கிறது, அதை அற்புதம் என்று முழங்க வேண்டியதில்லை. சிலருக்கு அதுவும் தங்காது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் ஏசாயா 49: பெற்றவளே தன் பிள்ளையை மறந்தாலும் "நான் உன்னை மறப்பதில்லை." நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு இங்கே மறதிக்காரர் பக்கத்தில் இல்லை.

சுருக்கிச் சொன்னால், முதுமையில் காத்தல் என்பது பலம் குறையாமல் பார்ப்பது என்று ஆகாது. புறம்பான மனுஷன் அழிந்தாலும் உள்ளான மனுஷன் நாளுக்குநாள் புதிதாகிறான் என்கிறார் பவுல். அந்தப் புதுப்பித்தல் நம் ஞாபகசக்தியின் தயவில் நடப்பதில்லை.

நீண்ட ஆயுசு நல்லவருக்குக் கிடைக்கும் பரிசா என்ற கேள்வியையும் ஒரு வரியில் தொட்டுவிடலாம். நரைமயிரை மகிமையான கிரீடம் என்று நீதிமொழிகள் சொல்கிறது, உண்மைதான். ஆனால் இயேசு முப்பது சொச்சம் வயதில் இறந்தார். ஆயுசை வைத்து ஒருவருடைய பக்தியை அளப்பவர் முதலில் அங்கே பதில் சொல்ல வேண்டும்.

பதில் வராத இடம்

தடுக்க முடிந்தவர் ஏன் சில நேரம் தடுப்பதில்லை? மேலே தள்ளிப்போட்ட கேள்வி இது. ராஜாவின் சிலையை வணங்க மறுத்த தானியேலின் நண்பர் மூவர் அக்கினிச்சூளையின் முன் நின்று அவனிடம் சொன்ன பதிலில் இரண்டு பாதி உண்டு: எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" உம் சிலையை வணங்கமாட்டோம். முதல் பாதியை மட்டும் பிரசங்கிப்பவர்கள் உண்டு, இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு ஜெபிப்பதையே விட்டவர்களும் உண்டு. ஏன் என்ற கேள்விக்கு வேதாகமம் முழுப் பதில் தருவதில்லை. சிலுவையைக் காட்டி, கடவுள் இதற்கு வெளியே நிற்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. அது போதுமா போதாதா என்பது கட்டுரை தீர்க்கும் விஷயமில்லை.

ஆனால் சாட்சி சொல்லும் விதத்தை மாற்ற முடியும். "தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை, ஸ்தோத்திரம்" என்பதோடு நிறுத்தாமல், "தண்ணீர் வந்த வீடுகளுக்கு நாங்கள் போனோம்" என்றும் ஒரு வரி சேர்க்கலாம். படுக்கையில் இருப்பவரிடம் போய், "விசுவாசியுங்கள், எழுந்துவிடுவீர்கள்" என்று அவசரப்படாமல், அவருக்குத் தெரிந்த சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டு, மாத்திரை டப்பாவில் நாளைக்கு உள்ளது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம். ஆலயத்துக்கு வர முடியாதவர்களின் பட்டியலை எடுத்து, ஆயர் வீட்டுக்கே போய் நற்கருணை கொடுக்கும் வழக்கம் உங்கள் சபையில் எப்படி நடக்கிறது என்று விசாரிக்கலாம்.

அப்புறம் ஆலய வாசல் படி. சென்னையின் பழைய ஆலயங்கள் பலவற்றில் வாசலில் நாலைந்து படி இருக்கும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்காது. "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்று உள்ளே பாட்டு நடக்கும்போது, வெளியே ஒரு தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு ஏறுவார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஸ்டீல் கைப்பிடிக்கு ஒரு கொட்டேஷன் வாங்கச் சொல்லுங்கள்.